ஆறாவது நாடா

போன வாரம் ரங்கநாதன் தெருவில் பாவாடை நாடா கேட்டு ஒரு கடைப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டேன். ஏழு மாடிக் கடை. மூன்றாவது மாடியில் உள்பாவாடைகள் என்று சொன்னார்கள் என்றுதான் ஏறினேன். அங்கே தொங்கியதெல்லாம் மீன்வால் மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டு இறங்கும் ரப்பர் துணி. "இதுக்கு நாடாவே வேணாம் ஆன்ட்டி, அப்படியே ஏத்திக்க வேண்டியதுதான்" என்றாள். எனக்கு அறுபத்திரண்டு வயது. அதை ஏற்றுவதற்கு ஓர் ஆள், இறக்குவதற்கு ஓர் ஆள் வேண்டும். எனக்கு நாடாதான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். குனிந்து கடைசி இழுப்பறையைத் துழாவி ஒரு கட்டு எடுத்துப் போட்டாள். வெள்ளைப் பருத்தி நாடா. கஞ்சி வாடை அப்படியே இருந்தது.

"எத்தனை ஆன்ட்டி?"

"ஆறு."

ஏன் ஆறு என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் நாடா அறுந்து கிடக்கும் பாவாடைகள் மூன்றுதான். வாயில் தானாக வந்துவிட்டது. மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறும்போதுதான் அந்த ஆறு எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே தனியாகச் சிரித்தேன். எதிரே வந்தவர் கொஞ்சம் ஒதுங்கியே போனார். இது ஒரு கார் இன்ஜினைப் பற்றிய கதை. பாவாடையில் ஆரம்பிக்கிறேனே என்று நினைக்காதீர்கள், நடந்ததும் அந்த வரிசையில்தான்.

அந்த ஏழு மாடிக்கு நாலு கடை தள்ளித்தான் அப்பாவின் கடை இருந்தது. பத்துக்கு எட்டு அடி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். உள்பாவாடை தவிர வேறு எதையும் விற்றதில்லை. அவருடைய பெருமை துணியில் இல்லை, நாடாவில். "துணி கிழிஞ்சாலும் கிழியும், நாடா அறாது, பாத்துக்கிடுங்க" என்று ஒவ்வொரு பெண்ணிடமும் முறுக்கி இழுத்துக் காட்டுவார். மேற்கு மாம்பலத்தில் வீடு. வீடு முழுக்க நாடாக் கட்டுகள். சின்ன வயதில் எனக்கு ரிப்பன், ஸ்கிப்பிங் கயிறு, புத்தகப் பை வார் எல்லாமே நாடாதான்.

நான் மட்டும் பாவாடையை விட்டு இரும்புக்குப் போனேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் பில் போடும் வேலை. எந்தச் சாமான் எந்த அலமாரியில், எத்தனை மிச்சம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தச் சாமான் வண்டிக்குள் எங்கே இருக்கும் என்று கேட்டால் மட்டும் தெரியாது. அங்கேதான் சேவியர் வந்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார். தன் அப்பாவின் காருக்கு ஃபேன் பெல்ட் வேண்டும் என்றார். மூன்று தடவை தப்பான பெல்ட் வாங்கிப் போய்த் திரும்பி வந்தார். முதல் இரண்டு தப்பும் அவருடையது. மூன்றாவது தப்பை நான் வேண்டுமென்றே செய்தேன்.

பதிவுத் திருமணம். எங்கள் அப்பா இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் தம்பி கையில் ஐந்து உள்பாவாடை கொடுத்தனுப்பினார். அதுதான் எனக்கு வந்த மொத்தச் சீர். மாமா, அதாவது சேவியரின் அப்பா, வேறு மாதிரி. மந்தைவெளியில் தன் வீட்டிலேயே எங்களை இருக்கச் சொன்னார், மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார், ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ரிட்டையரான கணக்கு வாத்தியார். சாந்தோம் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு அடி வாங்கியவர்கள். என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிடம் சொல்வார். "காபி ஆறிப் போச்சு" என்பார் சுவரைப் பார்த்து. "மழ வர்ற மாதிரி இருக்குது, கொடியில துணி காயுது" என்பார் ஜன்னலிடம். நான் பதிலைச் சுவருக்கே சொல்லிவிட்டு காபியைச் சூடு பண்ணுவேன். நான்கு மாதம் இப்படி ஓடியது. வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே ரொம்பவும் வலித்தது. அந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது திட்டாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அவருடைய வண்டி சேவியரை விட இரண்டு வயது மூத்தது. சாம்பல் நிறம். கண்ணாடியில் மாமியாரின் ஜெபமாலை தொங்கும். அவர் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அந்த வண்டியில்தான் போவோம். நான் பின் சீட்டில் ஒரு ஓரம். திடீரென்று அது தையல் மிஷின் மாதிரி டக்டக் என்று அடிக்க ஆரம்பித்தது. அடையாறு பாலம் ஏறும்போது பாதியில் மூச்சு வாங்கி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் சொன்னதை எழுத முடியாது. மாமா அன்று முழுக்க சுவரிடம் கூடப் பேசவில்லை.

எங்கள் கடைக்குத் தினமும் வரும் காஜா பாய் என்ற மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். நான் டக்டக் என்று வாயால் செய்து காட்டியதை வைத்தே நோயைச் சொன்னார்.

"வால்வு ஸ்பிரிங்கு தளர்ந்து பூட்ச்சிம்மா. எட்டும் மாத்திட்டா வண்டி பறக்கும்."

"அதுக்கு ஹெட்டைக் கழட்டணுமே பாய்? பதினஞ்சு நாள் ஆகும்னு சொல்வீங்களே."

"இன்னாத்துக்கு கயட்டணும்? பிளக்க எடுத்துட்டு அந்த ஓட்டைல கயிறு உடு."

"பாய், காலையிலேயே கயிறு திரிக்காதீங்க."

அவர் கோபித்துக்கொண்டார். அப்புறம் பில் புத்தகத்தின் பின் அட்டையில் படம் போட்டு விளக்கினார். வால்வு என்பது தலை பெருத்த ஆணி போன்ற சாமான். தலை சிலிண்டருக்குள், தண்டு மேலே. அந்தத் தண்டை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங்தான். ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு உள்ளே விழும். விழுந்தால், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அந்த ஹெட்டைக் கழற்றாமல் வேறு வழியில்லை. அதனால் பிளக் ஓட்டை வழியாக சிலிண்டருக்குள் கயிற்றைத் திணிக்க வேண்டும். அப்புறம் பிஸ்டனை மேலே ஏற்றினால் அது கயிற்றை அழுத்தும், கயிறு வால்வை அழுத்தும், வால்வு அசையாது. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு, பிஸ்டனை இறக்கி, கயிற்றை உருவிக்கொள்ளலாம்.

"பருத்தியா இருக்கணும். நைலான் ஆவாது. முனை மட்டும் எப்பவும் வெளில தொங்கிக்கினு இருக்கணும். அத்த மறந்து உள்ள உட்டுட்டே, அவ்ளோதான். சிக்கிக்கும், வால்வு வளைஞ்சி பூடும்" என்றார் பாய். ஸ்பிரிங்கை அமுக்கும் வளைந்த கம்பியையும் இரவல் கொடுத்தார்.

வீட்டில் நான்தான் பெரிய மெக்கானிக் மாதிரி பேசினேன். ஹெட்டைக் கழற்றாமல் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றேன். மாமா செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டே சுவரிடம், "சாவி ஆணியிலதான் தொங்குது" என்றார். அது அனுமதி. வாயெல்லாம் பல்லாக சமையலறைக்கு ஓடினேன். சரியாகச் செய்துவிட்டால் மாமா நேரே ஒரு வார்த்தை சொல்லாமலா போய்விடுவார்? தப்பாகிவிட்டால், அவர் வாயைத் திறக்காததற்கு ஆயுசுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடும். அதையும் யோசித்தேன், ஆனால் கொஞ்சமாக.

முழுதாக யோசித்தவர் சேவியர். பௌதிகம் படித்தவர்களிடம் இதுதான் தொல்லை, எது எது விழும் என்று நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சாப்பிடும்போது, "வால்வு உள்ள விழுந்துட்டா?" என்பார். பல் விளக்கிக்கொண்டே, "கயிறே வால்வ வளைச்சிட்டா?" என்பார். ஞாயிறு காலைப் பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது என் காதருகே குனிந்து, "அழுத்தம் ஒரு பக்கமா விழுந்தா?" என்றார். "பருத்தி இரும்ப வளைக்குமா? பேசாம மண்டி போடுங்க" என்றேன். முன் பெஞ்சில் மாமாவின் காது அசைந்த மாதிரி இருந்தது.

திரும்பி வந்ததும்தான் தெரிந்தது, வீட்டில் பருத்திக் கயிறே இல்லை. கொடிக்கயிறு நைலான். கிணற்றுக் கயிறு தேங்காய் நார். ஞாயிற்றுக்கிழமை, கடை எதுவும் இல்லை. சேவியர் மாடிக்குப் போனார். கீழே வரும்போது கையில் கொத்தாக நாடா. என் சீர்வரிசை. ஐந்து பாவாடையிலிருந்தும் உருவிக்கொண்டு வந்திருந்தார். என் இடுப்பில் இருந்த பழைய பாவாடை மட்டும்தான் தப்பியது.

"என்னங்க இது?"

"பருத்தி. அறாது. உங்கப்பாவே சொல்லியிருக்காரே."

எண்ணினேன். ஆறு இருந்தது. "ஆறாவது எங்கேர்ந்து வந்துச்சு?" என்றேன். "கிடந்துச்சு" என்று வேறு பக்கம் பார்த்தார். அப்போதே நோண்டியிருக்க வேண்டும்.

முதலில் நாடாக்களைச் சடை மாதிரி பின்னினேன். பின்னல் அழகாக வந்தது, ஓட்டைக்குள்தான் போகவில்லை. பிரித்து ஒவ்வொன்றாக, பென்சிலால் தள்ளித் தள்ளி உள்ளே அனுப்பினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் வெளியே தொங்க வேண்டும் என்பது சேவியரின் உத்தரவு. ஆறு வால். அப்புறம் வண்டியை மேல் கியரில் போட்டு நான் பின்னாலிருந்து தள்ள, பிஸ்டன் ஏறி நாடாவில் முட்டி, வண்டி நின்றுவிடும். சேவியர் கம்பியால் ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வுத் தண்டைக் கவ்வியிருக்கும் இரண்டு குட்டி லாக்கை எடுத்தார். ஸ்பிரிங்கைத் தூக்கினார். வால்வு அப்படியே நின்றது. அப்பாவின் நாடா பிடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் திடீரென்று அப்பாவைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

மத்தியானத்துக்குள் மூன்று சிலிண்டர் முடிந்தது. நாடாக்களை உருவி வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் போட்டுவிட்டு சாப்பிடப் போனோம். மாமா முதலில் சாப்பிடுவார். மீன் குழம்பு அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தேன். "உப்பு கம்மி" என்று சுவரிடம் சொல்லிவிட்டு எழுந்தார். ஞாயிறு மத்தியானம் பூசைக்குப் போட்ட பேன்ட்டை மாற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்குவது அவர் வழக்கம். நாங்கள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வெளியே வந்தபோது தூங்காமல் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேலையைக் கண்காணிக்கிறார் என்று நினைத்தேன்.

நான்காவது சிலிண்டர். கை பழகிவிட்டதல்லவா, மீன் குழம்புக்கு உப்பு எவ்வளவு என்று பேசிக்கொண்டே நாடாக்களைத் திணித்தேன். இந்தத் தடவை வண்டி முட்டி நிற்க ஒரு சாண் கூடத் தள்ள வேண்டியிருந்தது. "இது ஏன் கொஞ்சம் லூசா இருக்கு?" என்றார் சேவியர். "தேஞ்சிருக்கும்" என்றேன், எல்லாம் தெரிந்தவள் மாதிரி. கடைசி இரண்டு ஸ்பிரிங்கும் மாறின. வண்டியைப் பின்னால் தள்ளினேன். நாடாக்களை உருவி நாற்காலியில் போட்டு எண்ணினேன்.

ஐந்து.

மறுபடி எண்ணினேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். புடவையை உதறினேன். சேவியரும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"ஆறும் உள்ள போட்டியா?"

"போட்டேன்."

"எண்ணிப் போட்டியா?"

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எண்ணவில்லை. காலையில் எண்ணினேன், முதல் சிலிண்டருக்கு எண்ணினேன், அப்புறம் எண்ணவே இல்லை. ஆனால் எண்ணிக்கையில் தப்பவே மாட்டாள் என்று பெயர் வாங்கியவள் நான். "எண்ணித்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப ஒண்ணு உள்ளதான் இருக்கு. ஸ்டார்ட் பண்ணினா வால்வு போச்சு" என்றார் சேவியர். சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பாயைக் கூட்டிவர ராயப்பேட்டைக்குப் பறந்தார். ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் நானும் மாமாவும்தான். குரோஷா ஊசியை எடுத்து வந்து ஓட்டைக்குள் விட்டுத் துழாவினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. வராந்தாவில் பேப்பர் சரசரத்தது. தொண்டையைச் செருமும் சத்தம். மாமா தூணிடம் சொன்னார்:

"சில பேருக்கு எண்ணவே தெரியறதில்ல."

பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. நான்கு மாதம் சுவரிடமும் ஜன்னலிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டது போதாதா, இப்போது தூணிடமுமா. வண்டியின் படியில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். இந்த வண்டியைக் கெடுத்தது நான். மாமியாரின் ஜெபமாலை தொங்கும் வண்டி. இனிமேல் அவர் தூணிடம் கூட என்னைப் பற்றிப் பேச மாட்டார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் கிட்டே வந்து நின்றது.

"ஏம்மா."

சுற்றுமுற்றும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"அழாத. நீ அஞ்சுதான் போட்ட. அஞ்சு போட்டா அஞ்சுதான் வரும். நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்ப ஆறாவது?"

அவர் முதலில் செம்பருத்திச் செடியைப் பார்த்தார். அப்புறம் என்னை நேராகப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

"அது என் இடுப்புல இருக்குது."

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. சேவியர் கொண்டுவந்த ஆறாவது நாடா, மடித்து வைத்திருந்த மாமாவின் பைஜாமாவிலிருந்து உருவியது. மாமா சாப்பிட்டுவிட்டுப் போய் பைஜாமாவைப் போட்டிருக்கிறார், அது நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, நாற்காலியில் கிடந்ததில் அழுக்குக் குறைந்த ஒன்றைப் பொறுக்கி, சோப்புப் போட்டு அலசி, ஊக்கு குத்திக் கோத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். அது ஈரம் காயாமல் குளிர்ந்ததால்தான் தூக்கம் வரவில்லையாம்.

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாமா?"

"எப்படிச் சொல்றது? உங்கிட்ட நான்தான் பேசறதில்லையே" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், மூக்கு ஒழுக. "எண்ணிப் போட்டேன்னு பொய் சொன்னத அவங்கிட்ட நான் சொல்லல. இத நீ சொல்லாத" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார். ஒப்பந்தம் ஆயிற்று.

சேவியர் பாயைப் பின்னால் உட்காரவைத்து மூச்சிரைக்க வந்தார்.

"கிடைச்சிடுச்சுங்க" என்றேன்.

"எங்க?"

"இங்கதான் இருந்துச்சு. மாமா சொன்னாரு."

"அப்பா சொன்னாரா? உங்கிட்டயா?" நாடாவை அதோடு மறந்துவிட்டார். இன்றைக்கு வரை மறுபடி கேட்டதில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

பாய் ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். டக்டக் போயே போய்விட்டது. "இன்னாமா, கயிறு திரிச்சேனா நானு?" என்றார். மாமா பைஜாமாவோடு வண்டியில் ஏறி முன் கதவைத் திறந்தார். "வாம்மா, முன்னாடி உக்காரு. பாலம் ஏறுதான்னு பாப்போம்." ஏறியது. பாலத்தின் உச்சியில் கடல் காற்று முகத்தில் அடித்தபோது, "குழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தவர் பத்தொன்பது வருடம் வாயை மூடவில்லை. காய்கறி விலை, கிரிக்கெட், மின்வெட்டு, நான் துணி மடிக்கும் விதம், எல்லாம் என்னிடம்தான். சில நாள் அந்தச் சுவர் இருந்தால் தேவலை என்று கூடத் தோன்றும். அவர் போன பிறகு அலமாரியை ஒழித்தபோது அந்தப் பைஜாமா இருந்தது. நாடாவில் கிரீஸ் கறை போகவே இல்லை. அதை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் எடுத்து வைத்தேன், மூன்று வீடு மாறியதில் எங்கேயோ போய்விட்டது. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. காஜா பாயின் ஷெட் இருந்த இடத்தில் பல் ஆஸ்பத்திரி. அப்பாவின் கடையையும் அது மாதிரி இன்னொரு மாடிக் கடை விழுங்கிவிட்டது. எங்கள் மகன் பேட்டரி வண்டி வாங்கியிருக்கிறான். அதில் வால்வே கிடையாதாம். சேவியர் கவலைப்படுவதற்கு ஒன்றுமே இல்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

அன்று தி. நகரிலிருந்து அடையாறு வீட்டுக்கு வந்து, பையைக் கவிழ்த்து நாடாக்களைக் கட்டில் மேல் போட்டேன். பழக்க தோஷம், எண்ணினேன். ஐந்து இருந்தது. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். அந்தப் பெண் எண்ணாமல் போட்டிருப்பாள், என்னைப் போல. நான் உட்கார்ந்து சுவரைப் பார்த்தேன். "மாமா, ஆறாவது எங்க?" என்று அதனிடம் கேட்டேன்.